ஆபீஸ் சர்வர் பாதி, கிளவுட் பாதி: கண்காணிப்பு மென்பொருளை ஒப்பிடுவது எப்படி?

ஸாபிக்ஸா, பிஆர்டிஜியா, டேட்டாடாக்கா என்று தேடிப் பாருங்கள். வரும் ஒப்பீட்டு அட்டவணைகளில் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் விழுந்திருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள், நம் லைன் அறுந்தால் அந்தச் செய்தி யாருக்காவது போய்ச் சேருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் பட்டியலில் பாதிப் பெயர்கள் தானாக விழுந்துவிடும். இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, எந்த வரிசையில் ஒப்பிடலாம் என்று எழுதுகிறேன்.

படி 1: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

புதியவர்கள் பலர் இரண்டு வகை மென்பொருள்களை ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். நாகியோஸ், ஸாபிக்ஸ், பிஆர்டிஜி, சோலார்விண்ட்ஸ், புரோமிதியஸ் எல்லாம் கண்காணிப்பவை. ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதா, டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்த்துச் சொல்லும். விஎம்வேர், நியூட்டானிக்ஸ், ஓபன்ஷிஃப்ட், அஸூர் ஆர்க், ஏடபிள்யூஎஸ் அவுட்போஸ்ட்ஸ் ஆகியவை வேறு சாதி. சர்வர்களை ஓட்டுவதும், ஆபீஸில் இருப்பதையும் கிளவுடில் இருப்பதையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதும் இவற்றின் வேலை. ஒன்றை வாங்கினால் இன்னொன்று தேவைப்படாது என்று விற்பனையாளர் சொன்னால் டெமோவை அங்கேயே நிறுத்தலாம். ஆர்க் உங்கள் சர்வரைப் பார்க்கும்; மூன்றாம் மாடி ஸ்விட்சின் பதினேழாவது போர்ட்டில் எரர் ஏறுவதை அது பார்க்காது.

படி 2: இருப்பதை எண்ணுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால், சர்வர், விர்ச்சுவல் மெஷின், கிளவுடில் ஓடும் மெஷின் என எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்விட்ச் என்றால் போர்ட் எண்ணிக்கையும் சேர்த்து. சலிப்பான வேலைதான். ஆனால் விலை ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது.

பிஆர்டிஜி சென்சார் கணக்கில் லைசென்ஸ் தருகிறது. ஒரு போர்ட்டின் டிராஃபிக் ஒரு சென்சார், பிங் ஒரு சென்சார், சிபியு ஒரு சென்சார். 48 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை முழுதாகப் பார்த்தால் ஐம்பது சென்சார் போய்விடும். அதன் இலவசப் பதிப்பு தருவது 100 சென்சார், அதாவது இரண்டே ஸ்விட்ச். (எல்லா போர்ட்டையும் பார்க்கத் தேவையில்லை. அப்லிங்க்கையும் (ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட்) சர்வர் போர்ட்களையும் பார்த்தால் போதும்.) டேட்டாடாக்கின் அடிப்படைச் சேவை ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் மெஷின்) ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று எண்ணும். ஸாபிக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணமே இல்லை. 2024-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. அங்கே செலவு என்பது டேட்டாபேஸைப் பராமரிக்கத் தெரிந்த ஆளின் சம்பளம். ஆகவே மூன்று மென்பொருளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் முன் உங்கள் எண்ணிக்கையை மூன்று அலகிலும் மாற்றிப் பாருங்கள்.

படி 3: ஒரே ஸ்விட்சை எல்லாவற்றிலும் சேருங்கள்

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று மென்பொருளையும் தனித்தனி விர்ச்சுவல் மெஷினில் நிறுவுங்கள். பிஆர்டிஜியின் மையச் சர்வரை நீங்களே நிறுவுவதானால் விண்டோஸ் வேண்டும். ஸாபிக்ஸ் சர்வருக்கு லினக்ஸ். பிறகு ஒரே ஸ்விட்சை எல்லாவற்றிலும் சேருங்கள். ஸ்விட்சோடு பேசும் மொழி எஸ்என்எம்பி. யுடிபி 161-ஆம் போர்ட்டில் கேள்வி போகும், சாதனம் தானாக அனுப்பும் டிராப் 162-க்கு வரும். பதிப்பு 2சி-யில் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங் மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே போகும். அது பல சாதனங்களில் இன்னமும் 'பப்ளிக்' என்றே விடப்பட்டிருக்கிறது. பதிப்பு 3-ஐப் பயன்படுத்துங்கள். அதை அமைக்க எந்த மென்பொருள் எவ்வளவு படுத்துகிறது என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டியதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம். போர்ட் வழியே போன பைட்டுகளை எண்ணும் பழைய கவுன்டர் 32 பிட். ஏறத்தாழ 429 கோடி பைட் ஆனதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். 1 ஜிபிபிஎஸ் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் இதற்கு ஆகும் நேரம் சுமார் 34 விநாடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் மென்பொருளுக்கு இடையில் எத்தனை சுற்று போனது என்று தெரியாது. லிங்க் திணறிக்கொண்டிருக்கும்போது வரைபடம் பாதிகூட ஏறாமல் நிற்கும். இதற்காகவே 64 பிட் கவுன்டர் இருக்கிறது. பதிப்பு 1-இல் அது கிடையாது. சோதிப்பது எளிது: பெரிய கோப்பு ஒன்றைப் பத்து நிமிடம் ஓடும்படி நகலெடுங்கள். கோப்பின் அளவும் வரைபடம் காட்டும் மொத்தமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படி 4: கிளவுட் பக்கம்

ஏடபிள்யூஎஸ் மெஷின் ஒன்றைச் சேருங்கள். முதலில் கண்ணில் படுவது, மெமரி வரைபடம் காலியாக இருப்பது. மென்பொருளைத் திட்டாதீர்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்தக் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் வெளியிலிருந்து பார்க்கிறது. மெஷினுக்குள் மெமரி எவ்வளவு போனது என்று அறிய உள்ளே ஒரு ஏஜென்ட், அதாவது உள்ளிருந்து தகவல் சொல்லும் சிறு நிரல், வேண்டும். ஸாபிக்ஸ் ஏஜென்டோ புரோமிதியஸின் நோட் எக்ஸ்போர்ட்டரோ போட்டாலும் சரி.

அடுத்தது பில். வெளி மென்பொருள் கிளவுட்வாட்சிடம் தகவல் கேட்கும் ஒவ்வொரு முறையும் காசு: ஆயிரம் அளவீட்டுக்கு 0.01 டாலர். சில்லறைதானே என்று தோன்றும். 50 மெஷின், ஒவ்வொன்றிலும் 10 அளவீடு, நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 30 நாளில் 2 கோடியே 16 லட்சம் கேள்வி, அதாவது 216 டாலர். சாதாரணக் கண்காணிப்பில் இசி2 (ஏடபிள்யூஎஸ் வாடகைக்குத் தரும் மெஷின்) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுத் தகவல் தரும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவர் ஐந்தில் நான்கு தடவை பழைய பதிலுக்குப் பணம் கட்டுகிறார். ஒவ்வொரு மென்பொருளிலும் இந்த இடைவெளியை மாற்ற முடிகிறதா என்று தேடுங்கள்.

படி 5: வேண்டுமென்றே கெடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த ஒப்பீட்டில் இதுதான் முக்கியம். சோதனை ஸ்விட்சின் அப்லிங்க் கேபிளைப் பிடுங்குங்கள். அலர்ட் எத்தனை நிமிடத்தில் வந்தது, எத்தனை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சுக்குப் பின்னால் முப்பது சாதனம் இருந்தால் முப்பது மெயில் வரும் அமைப்பை ஒரே வாரத்தில் எல்லாரும் மியூட் செய்துவிடுவார்கள். ஸ்விட்ச் போனால் அதற்குப் பின்னால் இருப்பவற்றுக்கு அலர்ட் அனுப்பாதே என்று சொல்ல நாகியோஸில் 'பேரன்ட்' என்றும் ஸாபிக்ஸில் டிரிகர் சார்பு என்றும் வழி இருக்கிறது. ஆனால் அதைக் கையால் அமைக்க வேண்டுமா, தானாகக் கண்டுபிடிக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்து இன்டர்நெட் லைனையே எடுங்கள். கண்காணிப்பு சர்வர் ஆபீஸுக்குள் இருந்தால் 'லைன் போச்சு' என்ற மெயில் அந்த லைன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், போகாது. கிளவுடில் வைத்தால் ஆபீஸ் முழுவதும் செத்ததாகக் காட்டும். சர்வர் ஒரு பக்கம், மறுபக்கம் அதற்காக அங்கிருந்து தகவல் சேகரிக்கும் ஸாபிக்ஸ் பிராக்ஸி அல்லது பிஆர்டிஜி ரிமோட் புரோப் என்று பிரித்து வையுங்கள். ஆபீஸுக்குள் ஆக்டிவ் முறையில் வைத்த ஸாபிக்ஸ் பிராக்ஸி தானாகச் சர்வரின் 10051 போர்ட்டைத் தொடர்புகொள்ளும்; ஆபீஸ் ஃபயர்வாலில் உள்வரும் வழி திறக்க வேண்டியதில்லை. லைன் இல்லாத நேரத்துத் தகவலைச் சேர்த்துவைத்து, வந்ததும் அனுப்பிவிடும்.

படி 6: சாவி எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருள் விவகாரம் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் அப்டேட்டுக்குள்ளேயே தாக்குபவர்கள் பின்வாசல் வைத்திருந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்களை அந்த அப்டேட் எட்டியிருக்கலாம் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. கண்காணிப்பு மென்பொருளுக்கு எல்லா இடத்துக்கும் வழி இருப்பதே தாக்குபவருக்கு வசதி. ஆகவே ஒவ்வொன்றுக்கும் படிக்க மட்டும் உரிமை கொடுத்துப் பாருங்கள். அட்மின் உரிமை இல்லாமல் ஓடாது என்று அடம்பிடிப்பதற்கு மதிப்பெண் குறையுங்கள்.

படி 7: கலப்பு உள்கட்டமைப்பைக் கடைசியில்

படி 1-இல் சொன்ன இரண்டாவது வகை, ஆபீஸையும் கிளவுடையும் சேர்த்து நிர்வகிப்பவை. இதைச் சோதனைக்கூடத்தில் ஒப்பிடுவது கடினம். ஒப்பந்தத்தைப் படிப்பதுதான் வேலை. அவுட்போஸ்ட்ஸில் ரேக் உங்கள் இடத்தில் இருந்தாலும் சொந்தக்காரர் ஏடபிள்யூஎஸ். ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டா சென்டர்கள் இருக்கும் ரீஜியனோடு இணைப்பு தொடர்ந்து இருக்க வேண்டும். ஆர்க்கில் சர்வர் உங்களுடையது, ஏஜென்ட் மட்டும் மைக்ரோசாஃப்டுடையது. பட்டியலில் சேர்ப்பதற்குக் கட்டணமில்லை, மேலே போடும் சேவைகளுக்கு உண்டு. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கினால் போதும் என்ற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. கோர் கணக்கில் கட்ட வேண்டும். சிபியு ஒன்றுக்குக் குறைந்தது 16 கோர். உங்கள் பழைய சர்வரில் 8 கோர் சிபியு இரண்டு இருந்தால் கட்டுவது 32 கோருக்கு. படி 2-இல் போட்ட ஸ்ப்ரெட்ஷீட்டில் கோர் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டு அப்புறம் கொட்டேஷன் கேளுங்கள்.