நீண்டகால வாலிப ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் தமிழ்ச் சபைகளில் வாலிபர் ஐக்கியத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களில் பலர் சம்பளம் பெறும் முழுநேர ஊழியர்கள் அல்லர். பகலில் வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ பாடசாலையிலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே பயணம் செய்து, ஏழு மணிக் கூட்டத்துக்கு வியர்வையோடு வந்து சேருகிறவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட ஒருவர் எட்டாம் அல்லது பத்தாம் ஆண்டில் திடீரென விலகும்போது, அவருடைய ஆதி வைராக்கியம் தணிந்துவிட்டது என்று சபையில் பேசிக்கொள்வார்கள். பதினாறு ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. எந்த வேலையை எந்தக் காலத்தில் செய்யாமல் விடுவது என்று ஒருபோதும் தீர்மானிக்காமல், வந்த ஒவ்வொன்றையும் கர்த்தருடைய வேலை என்று ஏற்றுக்கொண்டதாலேயே அவர்களில் பலர் ஓய்ந்துபோனார்கள்.

தவறு பெரும்பாலும் நாட்காட்டியில் தொடங்குகிறது. உயர்தரப் பரீட்சை ஆகஸ்டிலும் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரிலும் நடந்த காலத்தில் வகுத்த ஆண்டுத் திட்டத்தையே இன்னமும் திகதி மாற்றிப் பயன்படுத்துகிற ஐக்கியங்கள் உண்டு. கொவிட் தொற்றும் அதைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுக்குரியதோ அந்த ஆண்டின் நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பரிலும் நீடித்தது. கரோல் ஆராதனைக்கான ஒத்திகை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பாடற்குழுவின் மூத்த குரல்கள் பரீட்சை மண்டபத்தில் இருக்கின்றன என்பதே இதன் பொருள். இதைக் கணக்கில் எடுக்காத பொறுப்பாளர், வராத பிள்ளையைப் "பின்வாங்கிப் போனான்" என்று எண்ணிவிடுகிறார். பிள்ளையோ, தேவனுக்கும் படிப்புக்கும் இடையில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி சபை தன்னை நெருக்குகிறது என்று எண்ணிவிடுகிறான். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் அந்த வகுப்பினருக்கு ஒத்திகையும் முகாமும் இல்லை என்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், இரு தரப்பின் மனத்தாங்கலும் தவிர்க்கப்படும்.

பொறுப்பாளருக்கும் இத்தகைய காலங்கள் உண்டு. கணக்குத்துறையில் இருப்பவருக்கு மார்ச் மாத இறுதி நிதியாண்டு முடிவு. அதே வாரங்களில்தான் லெந்து கால விசேட கூட்டங்களும் வருகின்றன. வேலை, வீடு, ஊழியம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வாரமும் சரிசமமாகத் தராசில் நிறுத்த வேண்டும் என்று நினைப்பதே பெரிய சுமை. எந்த வாரமும் சமமாக அமைவதில்லை. ஓர் ஆண்டை முழுதாக எடுத்துப் பார்த்து, எந்த மாதத்தில் எது முன்னே நிற்கும், எது பின்னே நிற்கும் என்று போதகருடனும் வீட்டாருடனும் முன்கூட்டியே பேசிக்கொள்ளும்போதுதான் சமநிலை என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது.

நான் செய்த தவறுகளிலேயே பெரியது, இருபத்திரண்டு வயதில் வகுத்த கால அட்டவணையை முப்பத்தைந்து வயதிலும் மாற்றாமல் வைத்திருந்தது. திருமணமாகாத காலத்தில் வெள்ளி மாலை கூட்டம், சனி காலை வீடு சந்திப்பு, சனி மாலை பாடற்குழு, ஞாயிறு முழுதும் ஆலயம் என்று ஓடியது எனக்கும் இனித்தது, பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. பின்னர் மனைவி வந்தார், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அம்மாவுக்கு நீரிழிவு வந்தது; அட்டவணை மட்டும் அப்படியே இருந்தது. என் மூத்த மகளின் முதலாம் தர விளையாட்டுப் போட்டியன்று நான் வேறு இருபது பிள்ளைகளுடன் முகாமில் இருந்தேன். அதைப்பற்றி வீட்டில் யாரும் முறையிடவில்லை. முறையிட்டால் ஊழியத்துக்குத் தடையாக நிற்பதாகிவிடும் என்று மனைவி அஞ்சியிருந்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஊழியரின் வீட்டில் இப்படி ஒரு மௌனம் குடியேறுவது மிகவும் ஆபத்தானது. ஆசாரியனான ஏலியின் வீட்டுக் கதையை ஆலயத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். மற்றவர்களுடைய பிள்ளையான சாமுவேலை நன்றாக வளர்த்தவரின் சொந்தப் பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்பதை வாலிப ஊழியர்களின் கூட்டத்தில் நாம் ஒருமுறையேனும் நேர்மையாகப் பேசியதுண்டா என்று எனக்கு நினைவில்லை.

எனவே, வயதும் வீட்டுநிலையும் மாறும்போது பொறுப்பின் வடிவமும் மாற வேண்டும். குழந்தை பிறந்த ஆண்டில் ஒருவர் வாராந்தக் கூட்டங்களிலிருந்து விலகி, மாதம் ஒருமுறை மூன்று இளம் தலைவர்களை மட்டும் வீட்டுக்கு அழைத்துத் தேநீரோடு உரையாடினால், அதுவும் ஊழியமே. ஆனால் சபைகள் அதை ஊழியமாகக் கணக்கிடுவதில்லை. மேடையில் நிற்கிறவரைத்தான் கணக்கிடுகின்றன. இதைச் செயற்குழுவில் வெளிப்படையாகச் சொல்லித் தீர்மானமாகப் பதிவுசெய்யாவிட்டால், ஒதுங்கியவர் என்ற பெயரே மிஞ்சும்.

சபையிலிருந்து வரும் வேண்டுகோள்களுக்கெல்லாம் 'ஆம்' என்று சொல்வது அடுத்த தவறு. நமது சபைகளில் ஒரு பழக்கம் உண்டு: செய்ய ஆளில்லாத எந்த வேலைக்கும் "வாலிபர் பார்த்துக்கொள்வார்கள்" என்று குறிப்பெழுதிவிடுவார்கள். அறுப்பின் விழாவுக்குக் கதிரை அடுக்குவது, ஏலப் பொருட்களைச் சுமப்பது, ஒலிவாங்கி சரிபார்ப்பது, பெண்கள் ஐக்கியத்தின் ஆண்டுவிழாவுக்குப் பந்தி பரிமாறுவது, நேரலை ஒளிபரப்பு என எல்லாம் அதில் அடங்கும். சேவை செய்யப் பழகுவது நல்லதுதான். கதிரை தூக்கிய கைகள்தான் பின்னர் சபையையும் தூக்குகின்றன என்று மூத்தவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ஆயினும், ஒரு மாதத்தின் நான்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று இப்படிக் கழிந்தால், வேதத்தைத் திறக்கவும் மனம்விட்டுப் பேசவும் எஞ்சுவது ஒன்றுதான். ஐக்கியத்தின் முதன்மைப் பணி எது என்று எழுத்தில் ஒரு வரியாவது இருந்தால், போதகரிடம் பணிவாக "ஐயா, இந்த மாதம் இரண்டு வேலைகளுக்கு மட்டும் வருகிறோம்" என்று சொல்ல வழி கிடைக்கும். அப்படி ஒரு வரி இல்லாதபோது மறுப்பு கீழ்ப்படியாமையாகவே கேட்கிறது.

வாலிபர் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் அடக்குவதும் கொழும்பில் குறிப்பாகப் பிழையாகிவிடுகிறது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்து, கொட்டாஞ்சேனையில் நால்வரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞனுக்குத் தமிழ்ப் பாட்டு முழுதும் மனப்பாடம். ஆனால் சனிக்கிழமை இரவு எட்டு மணிவரை கடை. இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே மொழியில், ஒரே முகாம் கட்டணத்தில் கூட்டம் வைத்தால், எவர் மெல்ல மெல்ல மறைந்துபோவார் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. முதன்மை எதுவென்று தீர்மானிக்கும்போது, சத்தமாகக் கேட்கிறவர்களின் தேவையே முதலில் வந்து நிற்கும். கடைப்பையன் எதையும் கேட்பதில்லை. அவனுக்கு உகந்த நாள் மாதந்தோறும் வரும் முழுநிலா விடுமுறையான போயா தினம் என்று நாங்கள் கண்டுபிடிக்கவே மூன்று ஆண்டுகள் பிடித்தன. பிற்பாடு ஒவ்வொரு போயா தினத்தையும் கூட்டங்களால் நிரப்பி, குடும்பமாகச் சேர்ந்திருக்கக் கிடைத்த ஒரே விடுமுறையையும் பலருக்கு இல்லாமற் செய்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கைத்தொலைபேசி இப்போது பொறுப்பாளரின் மிகப் பெரிய எசமான். இரவு பதினொன்றரைக்கு வட்ஸ்அப்பில் "அண்ணா, முழிச்சிருக்கிறீங்களா?" என்று வரும் செய்தி சில வேளை காதல் முறிவு, சில வேளை வெறும் உறக்கமின்மை, சில வேளை உயிர் பற்றியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தபின், ஆலயத்துக்குள் நுழையவே நடுங்கிய பிள்ளைகளுக்கு ஜெபத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் நாங்கள் தடுமாறினோம். ஜெபித்ததில் தவறில்லை. உளநலப் பயிற்சி பெற்றவர்களிடம் அனுப்புவதை விசுவாசக் குறைவாக எண்ணியதே தவறு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் ஐக்கியத்தின் அறிவித்தற் பலகையில் நிரந்தரமாக இருக்க வேண்டும். தன் எல்லை எங்கே முடிகிறது என்பது பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் மென்மையாகப் பேச முடியாத ஒன்றும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் சட்டப்படி சிறுவர்கள். ஓர் அறையில் ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் மட்டும் தனித்திருக்கக் கூடாது. முகாமில் இரவில் குறைந்தது இரு பெரியவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை ஒன்று வாய்திறந்தால் சபையின் பெயரைக் காப்பதற்காக அதை உள்ளேயே பேசி முடிக்கக் கூடாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். வேலைப்பளுவால் முதலில் கைவிடப்படுகிறவை இந்த ஒழுங்குகளே, ஏனெனில் இரண்டாவது பெரியவரைத் தேடுவது தொல்லையாக இருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் நிகழ்ச்சியை நிறுத்துவதே சரி.

வருகை எண்ணிக்கையால் ஊழியத்தை அளப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் கண்டிக்கிறோம், எல்லோரும் எண்ணுகிறோம். பதினான்கு வயதில் ஐக்கியத்துக்கு வரும் பிள்ளை இருபத்தொன்றளவில் வேலை, படிப்பு, திருமணம் என்று விலகுகிறது. ஆகவே ஏழு ஆண்டுகளுக்கொருமுறை கூட்டமே புதிதாகிவிடுகிறது. முந்திய தலைமுறையின் கூட்டத்தோடு இன்றைய கூட்டத்தை ஒப்பிட்டு ஏங்குவது இருவருக்கும் அநியாயம்.

கடைசியாக, தனக்குப் பின் வருகிறவரைப் பற்றி நினைக்காமலிருப்பது. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இது கொழும்பில் புதிய வடிவம் எடுத்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் பயிற்றிய உதவித் தலைவருக்கு விசா வந்தால், அடுத்த மாதம் அவர் கனடாவில் அல்லது அவுஸ்திரேலியாவில் இருப்பார். குறை சொல்லவும் முடியாது. ஆகையால் ஒரு பொறுப்புக்கு ஒருவரைப் பயிற்றுவது போதாது, இருவரையாவது பயிற்ற வேண்டும். மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன யோசனையும் இதுதான்: ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை நியமித்து, பாரத்தைப் பகிர்ந்துவிடச் சொன்னார். நம் நாட்டிலேயே, இலங்கை யூத் ஃபோர் கிறைஸ்ட் அமைப்பை 1976 முதல் 2011 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமைதாங்கி நடத்திய அஜித் பெர்னாண்டோ, பின்னர் தலைமையை மற்றவரிடம் விட்டுவிட்டு அதே அமைப்பில் போதிக்கும் பணியைத் தொடர்ந்தார். நீண்டகாலம் இருப்பதும் ஒப்படைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஒப்படைக்கும்போது சிறியவற்றையும் ஒப்படைக்க வேண்டும்: அலுமாரிச் சாவி, வங்கிக் கணக்கின் கையொப்பம், வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை. இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டாலும் முழு ஊழியத்தையும் வைத்துக்கொண்டதாகவே ஆகிவிடும். நான் பொறுப்பைக் கொடுத்தபின் ஆறு மாதங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஏழாம் மாதம் போனபோது கதிரைகள் வேறு திசையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. திருப்பிப் போடச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு பின்வரிசையில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன்.