கொடிமலை ஏறும் நேரத்தை ஒப்பிடுவதற்கு முன்

பினாங்குக் கொடிமலையை ஒன்றரை மணி நேரத்தில் ஏறியதாக ஒருவர் சொல்வார். மூன்று மணி நேரம் ஆனதாக இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். முதலில் எந்த வழி என்று கேளுங்கள். தாவரவியல் பூங்கா அருகிலிருந்து போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர் தார்ச்சாலை. மழை பெய்தாலும் சேறு கிடையாது, ஆனால் ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். நிலா வாசல் (Moon Gate) என்னும் இன்னொரு தொடக்க இடத்தின் வழியாகப் போனால் படிகளும் மரவேர்களும் குறுக்கிடும்.

அடுத்தது கடிகாரம். கைப்பேசிச் செயலிகள் நடந்த நேரத்தையும் மொத்த நேரத்தையும் தனித்தனியே காட்டும். பெருமை பேசுவதற்குச் சிறிய எண்ணைத்தான் எடுப்பார்கள். உங்கள் பயணத்தைத் திட்டமிட மொத்த நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

யாரையும் கேட்காமல் கணக்கிடவும் வழி உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன விதி இது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். ஜீப் பாதையில் ஏறக்குறைய 700 மீட்டர் ஏற வேண்டும் என்று கொண்டால் 2 மணி 10 நிமிடம் வரும். இதில் ஓய்வு சேரவில்லை. நம் ஊர்ப் புழுக்கமும் சேரவில்லை. முதல்முறை ஏறுபவர் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. பிற்பகலில் இடிமழை பிடித்துக்கொள்ளும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

மலை ரயிலில் கீழே இறங்கிவிட்டு 'போய்வந்த நேரம்' சொல்பவரை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.