ட்ரெய்லர் வருவதற்குள் நார்னியாவைப் படித்து முடிப்பது எப்படி

நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி.எஸ். லூயிஸ் எழுதிய நாவல் வரிசையில் ஒன்றான ‘தி மேஜிஷியன்ஸ் நெஃப்யூ’வை நெட்ஃப்ளிக்ஸுக்காக கிரெட்டா கெர்விக் படமாக்குகிறார். புத்தகம் படிக்காதவர்களும், படித்து மறந்தவர்களும் இப்போதே எடுத்துவிடுங்கள். 2005இல் வந்த நார்னியா படத்தைப் பார்த்ததிலிருந்து வெள்ளைச் சூனியக்காரி என்றாலே எனக்கு டில்டா ஸ்வின்டன் முகம்தான். அருமையாக நடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் என் மனதில் இருந்த முகம் போன இடம் தெரியவில்லை. இந்தக் கதையில் வரும் ஜேடிஸ் அதே சூனியக்காரிதான்.

எதிலிருந்து தொடங்குவது? இப்போது கடையில் கிடைக்கும் செட்டில் இந்தப் புத்தகத்துக்கு 1 என்று எண் போட்டிருப்பார்கள். உண்மையில் இது ஆறாவதாக, 1955இல் வந்தது. கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதே தனக்கும் சரியாகப் படுகிறது என்று லூயிஸே 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதியிருக்கிறார். அவர் சொன்னாலும் நான் கேட்கமாட்டேன். முதலில் 1950இல் வந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ படியுங்கள். பனிக்காட்டுக்கு நடுவே தெருவிளக்கு ஏன் நிற்கிறது என்று கொஞ்சம் மண்டை காயட்டும். அப்புறம் இதற்கு வந்தால்தான், லண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து ஜேடிஸ் பிய்த்த இரும்புத் துண்டு புது மண்ணில் விழுந்து விளக்காகவே முளைக்கும்போது ‘அடடா!’ என்று வரும்.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதானால் மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்றாக இரண்டு ரப்பர் பேண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மந்திர மோதிரங்களில் மஞ்சள், உலகங்களுக்கு நடுவே இருக்கும் காட்டுக்குக் கொண்டுபோகும். பச்சை, அங்கிருந்து வெளியே அனுப்பும். கையில் மாட்டிக் காட்டினால் குழப்பமே இல்லை. இன்னொன்று: சிறுவன் டிகரியின் அம்மா சாகக் கிடக்கிறார். லூயிஸ் தன் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 9 வயதில். அந்தப் பக்கங்களை நீங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிட்டு வாசியுங்கள், குரல் உடையும்.

கதையில் ஜேடிஸின் ஊரான சார்ன் நகரத்து மண்டபம் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். வரிசையாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் ராஜாக்கள், ராணிகள். தொடக்கத்தில் இருப்பவை நல்ல முகங்கள், போகப் போகக் கடுமை ஏறும், கடைசியில் ஜேடிஸ். நடுவில் ஒரு சின்னத் தங்க மணி, பக்கத்தில் சுத்தி. அவர்கள் உடையின் நிறம், அந்த மணியின் சத்தம், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் காதில் அது எவர்சில்வர் டம்ளர் விளிம்பில் கரண்டி பட்ட சத்தம். படம் பார்த்த பிறகு இதை நினைவிலிருந்து எழுத முடியாது.

எதை வெட்டுவார்களோ என்று கவலைப்படாதீர்கள். புத்தகமே சின்னது. எனக்கு ஒட்டு வேலைதான் பயம். ‘தி ஹாபிட்’ என்ற ஒரே நாவலை 2012 முதல் 2014 வரை மூன்று படமாக இழுத்தவர்கள் உண்டு. மரமும் குட்டையும் தூக்கக் கலக்கமுமாக ஒன்றுமே நடக்காத, உலகங்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் காட்டில் ஒரு சண்டைக் காட்சியைச் செருகாமல் இருந்தால் சரி.

யாருக்கு என்ன வேடம் என்ற வதந்திகளைத் தள்ளுங்கள். வெளியீட்டுத் தேதியை நம்பி லீவும் போடாதீர்கள். ஆனால் தியேட்டரில் வந்தால் தியேட்டரிலேயே பாருங்கள். அஸ்லான் என்ற சிங்கம் பாடப் பாட நார்னியா உண்டாகும் காட்சி கும்மிருட்டில் தொடங்குகிறது. போனில் பார்த்தால் உங்கள் மூஞ்சிதான் தெரியும்.