தாய்ப்பால் எடுக்கப் பம்ப்பை மட்டுமே நம்பும் தாய் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

என் மகள், வாயின் மேற்கூரை பிளந்திருக்கும் அண்ணப் பிளவோடு பிறந்தாள். மேலண்ணம் மூடியிருந்தால்தான் குழந்தையால் பாலை உறிஞ்சி இழுக்க முடியும், அவளால் முடியவில்லை. அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை வழக்கமாக 9 முதல் 18 மாதத்துக்குள் நடக்கும். அதுவரை அவள் குடித்த தாய்ப்பால் முழுவதும் பம்ப் வழியாகவே வந்தது. வேளச்சேரி வீட்டிலும் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்திலும் பம்ப்போடு வாழ்ந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எப்போதாவது ஒருமுறை பால் எடுக்கக் கைப் பம்ப் போதும். நாள் முழுக்க அதுதான் வழி என்றால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சாரப் பம்ப்பைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். தொடக்க வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முறையாவது, நள்ளிரவையும் சேர்த்து, எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். ஒவ்வொரு பக்கமாக எடுத்தால் நேரம் இரட்டிப்பாகும். பிள்ளை பெற்ற உடம்பு பிறகு எப்போது தூங்கும்?

சுரப்பு நிலைபெறும் வரை, மருத்துவமனைகளில் பலரும் பயன்படுத்தும் மெடலா சிம்பொனி போன்ற பெரிய பம்ப்பை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். குழாயும் மார்பில் பொருத்தும் புனலும் மட்டும் உங்களுக்கென்று புதிதாக இருக்க வேண்டும். பெட்டியில் ‘ஹாஸ்பிடல் கிரேடு’ என்று அச்சிட்டிருப்பதை வைத்து விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகூட வரையறை வைத்திருக்கவில்லை.

பம்ப்பின் விலையைவிட முக்கியம் புனலின் அளவு. பெரும்பாலான பெட்டிகளில் 24 மில்லிமீட்டர் புனல்தான் வரும். பலருக்கு அது பெரிது. அளவுகோலை வைத்துக் காம்பின் அடிப்பகுதியை மட்டும் அளந்து பாருங்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்க வேண்டாம். அந்த அளவு, அல்லது அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். காம்பு உராயாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். கருவட்டம் நிறைய இழுபட்டாலோ நுனி வெளுத்தாலோ எடுத்து முடித்த பிறகும் எரிந்தாலோ அளவு சரியில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், மாறியிருக்கும்.

விற்பவர்கள் உறிஞ்சும் விசையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். விசை கூடினால் பால் கூடாது. வலித்தால் பால் இறங்குவதே தடைபடும். வேகத்தையும் விசையையும் தனித்தனியாக மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் வேகமாக, லேசான இழுப்பு. பால் வரத் தொடங்கியதும் நிதானமாக, ஆழமான இழுப்பு. குழந்தை குடிப்பதும் அப்படித்தான்.

நான் மன்றாடிச் சொல்வது வால்வைப் பற்றி. புனலின் அடியில் இருக்கும் அந்தச் சிறிய சிலிகான் துண்டு, ஓய்வில்லாமல் உழைத்தால் ஓரிரு மாதத்தில் தளர்ந்துவிடும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பால் மட்டும் குறையும். ‘பால் வற்றிப்போச்சு போல’ என்று வீட்டில் யாராவது சொல்வதற்கு முன் வால்வை மாற்றிப் பாருங்கள். எத்தனை தாய்மார்கள் தங்கள் உடம்பைக் குறை சொல்லி அழுகிறார்கள்! அதனால் பம்ப்பைக் கேட்பதற்கு முன்பே, அதன் வால்வும் மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வும் சென்னையில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, பால் குழாய்க்குள்ளோ மோட்டாருக்குள்ளோ போகாதபடி தடுப்பு உள்ள வகைதான் சரி. இல்லையென்றால் குழாயில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் என்பதால் பேட்டரி அவசியம்; ஸ்பெக்ட்ரா நிறுவனத்தின் எஸ்1 பம்ப்பில் உண்டு, எஸ்2-இல் கிடையாது. அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவந்து தருகிறாள் என்றால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். உடைக்குள் வைத்துக்கொள்ளும் சிறிய பம்ப் பயணத்துக்கு உதவும். அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

குழந்தை பிறக்கும் முன் சாமான் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். மாடலை முடிவு செய்து, கடையின் எண்ணைக் கணவரிடம் கொடுத்து வையுங்கள். உத்தரவாதக் காலமும் வாங்கிய நாளிலிருந்துதான் தொடங்கும்.

எடுத்த பாலை 25 டிகிரிக்குள் 4 மணி நேரம்தான் வெளியே வைக்கலாம். நம் வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்; 4 நாள் இருக்கும். வேலைக்குத் திரும்பியதும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வழக்கமான ஓய்வுக்கு மேல் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை முன்பு 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்தது; இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தருகிறது. அந்த நேரத்தையும், தாழ்ப்பாளும் பிளக் பாயிண்ட்டும் உள்ள ஓர் அறையையும் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.