மறிக்குட்டியைக் கிடாயோடு விடுமுன் நிறுத்துப் பாருங்கள்

உங்கள் பட்டியில் வளர்ந்த செம்மறி மறிக்குட்டியை, அதாவது பெண் குட்டியை, சினைக்காகக் கிடாயோடு விட, வயதை எண்ணாதீர்கள், நிறையைப் பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு உங்கள் நிறையைக் கழித்தால் போதும். வளர்ந்த மறியின் நிறையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்திருக்க வேண்டும். பெரிய மறி 24 கிலோ என்றால் குட்டி 16 கிலோ.

அதற்கு முன் சினைப்பட்டால், தின்பது தன் வளர்ச்சிக்கும் வயிற்றுக் குட்டிக்கும் போதாது. ஈனும்போது அவதிப்படும், பாலும் குறையும்.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். இலங்கையின் வடக்கே வன்னியில் ஆகஸ்ட் நடுவில் கிடாயை விட்டால் தை பிறக்கும் நேரம் குட்டி போடும். மாரி மழை தணிந்து, புல் இன்னும் பச்சையாக நிற்கும். கார்த்திகை மழையில் நனைந்து விறைத்த குட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாடு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வெளியில் வாங்கிய மறிக்கு இந்தக் கணக்கை நம்பவேண்டாம். ஏற்கெனவே சினையாக இருந்தால் நிறை ஏமாற்றும். கிடாய் ஆண்டு முழுக்கப் பட்டியிலேயே நின்றாலும் இந்தக் கணக்கால் பயனில்லை. முதலில் கிடாயைப் பிரித்துக் கட்டுங்கள்.