டர்பனில் ஃப்ளாட் எடுக்கும் முன் எந்தெந்தக் காகிதத்தைக் கேட்பது

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், ஃப்ளாட் கட்டடங்களை நிர்வகிக்கிற ஒரு மேனேஜிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். கட்டடங்களின் லெவி (ஓனர்கள் மாதா மாதம் கட்டுகிற பராமரிப்புப் பணம்), லிஃப்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஊரிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் வீடு பார்க்கும்போது, "அக்கா, இந்தக் கட்டடம் எப்படி?" என்று போட்டோ அனுப்புவார்கள். போட்டோவில் டைல்ஸும் கிச்சனும் பளபளக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காகிதம் என்ன காட்டினார்கள்?

முகவரியைத் தட்டினால், எந்த ஆய்வாளர் எப்போது வந்தார், என்ன குறை கண்டார் என்று வரிசையாகக் காட்டுகிற பொதுப் பதிவேடு இங்கே இல்லை. மின்சாரச் சான்று ஓனரிடம் இருக்கும். லிஃப்ட், தீயணைப்பு விவரங்கள் பாடி கார்ப்பரேட்டிடம், அதாவது கட்டடத்து ஓனர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கத்திடம். பிளான் நகராட்சியில். இவற்றைத் தேடிச் சேர்ப்பது வாடகைக்கு வருகிறவர் வேலை. டெபாசிட் கட்டுவதற்கு முன் கேட்டால் ஏஜென்ட் ஓடி வந்து காட்டுவார். கட்டின பிறகு கேட்டால் "பார்க்கலாம்" என்பார்.

முதலில் மின்சாரச் சான்று. இங்கே எல்லோரும் சி.ஓ.சி. என்பார்கள். வாடகைக்கு விடுகிறவர் இதை வைத்திருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகளில் உள்ளது, அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒரே ஒரு பக்கத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடவே சோதனை அறிக்கை இருக்க வேண்டும், அது இல்லாத சான்று செல்லாது. அந்த அறிக்கையில் லைட்டுக்கு எத்தனை சர்க்யூட், பிளக்குக்கு எத்தனை, அடுப்புக்கு, கீசருக்கு என்று எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு டிபி போர்டின், அதாவது பிரேக்கர்கள் இருக்கிற பெட்டியின், மூடியைத் திறந்து பாருங்கள். அறிக்கையில் இருப்பதைவிடக் கூடுதலாக ஒரு பிரேக்கர் இருந்தால், சான்று வாங்கிய பிறகு யாரோ வேலை செய்திருக்கிறார்கள். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டுக் காலத்தில் ஊர் முழுக்க இன்வெர்ட்டர் மாட்டினார்கள், அதில் பலவற்றுக்குப் புதுச் சான்று கிடையாது. வீட்டை விற்கும்போது இரண்டு வருடத்துக்கு மேல் பழைய சி.ஓ.சி. செல்லாது. வாடகைக்கு அந்தக் கணக்கு இல்லை என்றாலும், தேதி ரொம்பப் பழையதாக இருந்தால் நான் யோசிப்பேன்.

டிபி போர்டுக்கு முன்னால் நிற்கும்போதே மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் சுவிட்சில் இருக்கிற சின்ன டெஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். சுவிட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் சான்றில் எத்தனை முத்திரை இருந்தாலும், அதைச் சரிசெய்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள்.

அடுத்தது கட்டடத்தின் சொந்த வரலாறு. என்னைக் கேட்டால் நிறையத் தெரிய வருவது இங்கேதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. செக்‌ஷனல் டைட்டில், அதாவது ஒவ்வொரு ஃப்ளாட்டும் தனித்தனியாக ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிற கட்டடம் என்றால் வருடா வருடம் பொதுக்கூட்டம் நடக்கும், அதற்கு நடவடிக்கைக் குறிப்பு இருக்கும். பொது இடங்களுக்கு அடுத்த பத்து வருடப் பராமரிப்புத் திட்டம் ஒன்றையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வாடகைக்காரர் நேரே வந்து கேட்டால் எங்களைப் போன்ற அலுவலகத்தில் தர மாட்டோம். ஓனர் எழுதிக் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்தோடு வந்தால் தர வேண்டும், அதற்குப் பத்து நாள் கெடு. "இன்னார் என் சார்பில் ஆவணங்களைப் பார்க்கலாம்" என்று இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி எழுத ஓனர் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு பதில்.

குறிப்பு கைக்கு வந்ததும் முழுக்கப் படிக்க வேண்டாம். கண்ணை ஓட்டி நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ஸ்பெஷல் லெவி (வழக்கமான லெவிக்கு மேல் கேட்கிற கூடுதல் பணம்), வாட்டர்ப்ரூஃபிங், கான்கிரீட் ரிப்பேர், நகராட்சி பாக்கி. கடைசி ஒன்று முக்கியம். நீங்கள் மாதா மாதம் ஒழுங்காக வாடகை கட்டினாலும், பாடி கார்ப்பரேட் நகராட்சிக்குப் பாக்கி வைத்தால் மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் நின்றுவிடும். பத்தாவது மாடிக்குக் குடத்தைத் தூக்குவது நீங்கள்தான். லிஃப்ட் ரிப்பேர் வருடம் தவறாமல் குறிப்பில் வருகிறதென்றால், வயதான அம்மாவை அழைத்து வருகிற திட்டம் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கான்கிரீட் ரிப்பேரைச் சொன்னேன் இல்லையா, சவுத் பீச், பாயிண்ட் பக்கம் கடலோரமாகப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். உப்புக் காற்று உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு உப்பிக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கும். கீழே தெருவில் நின்று அண்ணாந்து பால்கனிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒழுகின கோடு, பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிற இடம், மற்றதோடு ஒட்டாமல் தனியாக வெளுத்துத் தெரிகிற புதுப் பெயின்ட் திட்டு. ரிப்பேர் முடிந்ததாகக் குறிப்பில் இருந்தால் நல்லது. ஒன்றுமே எழுதாமல் பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் எனக்குப் பிடிக்காது.

உள்ளே போகும்போது வாசலில் இருக்கிற கேர்டேக்கரிடம் "சவுபோனா, பாபா" என்று வணக்கம் சொல்லி ஆரம்பியுங்கள். தண்ணீர் எப்போது நின்றது, லிஃப்ட் எத்தனை நாள் படுத்துக் கிடந்தது என்பதெல்லாம் ஏஜென்ட்டைவிட அவருக்குத்தான் தெரியும். அப்புறம் லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டில் ஏறுங்கள். ஒவ்வொரு மாடியிலும் தீயணைப்பான் இருக்கிறதா, அதில் தொங்குகிற சீட்டில் சர்வீஸ் தேதி ஒரு வருடத்துக்குள் இருக்கிறதா பாருங்கள். அவசர வழிக் கதவைத் தள்ளிப் பாருங்கள், பூட்டு தொங்கினால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் உசின்டிசோ கட்டடம் எரிந்து 76 பேர் இறந்தார்கள். பூட்டிய கேட்டுகளால் பலர் வெளியே வர முடியவில்லை. அது நகராட்சிக்கே சொந்தமான கட்டடம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்கள் அதிகம் எடுப்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அவுட்பில்டிங். அங்கே பாடி கார்ப்பரேட் எல்லாம் கிடையாது. நகராட்சி முத்திரை குத்திய பிளான் இருக்கிறதா, அதில் இந்த அறை வரைந்திருக்கிறதா, குடியேறலாம் என்று நகராட்சி கொடுத்த ஆக்குபேஷன் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஓனர் பெரும்பாலும் மரியாதையான ஒரு தாத்தாவாக இருப்பார், கேட்கக் கூச்சமாக இருக்கும். "அங்கிள், ஆபீஸில் கேட்கிறார்கள்" என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். பிளான் அனுமதி வெறும் சம்பிரதாயம் இல்லை. 2013 நவம்பரில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தது.

புத்தம் புதுக் கட்டடம் என்றால் வீடு கட்டுகிறவர்களைப் பதிவு செய்கிற தேசிய அமைப்பான என்.ஹெச்.பி.ஆர்.சி.யின் பதிவுச் சான்றும் கேளுங்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். 2024 மே மாதம் ஜார்ஜ் நகரில் இடிந்து 34 பேரைக் கொன்ற அடுக்குமாடிக் கட்டடமும் அங்கே பதிவானதுதான், அந்தப் பதிவு முறையாக நடக்கவில்லை என்று பிறகு விசாரணையில் வந்தது.

இவ்வளவும் திருப்தியாக இருந்தால், கடைசியாக ஒரு பதிவேடு நீங்களே எழுத வேண்டும். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன் ஓனரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருக்கிற குறைகளைப் பட்டியல் போட்டு லீஸோடு இணைக்க வேண்டும். ஹவுஸ் ரூல்ஸ் இருந்தால் அதன் நகலும் லீஸோடு சேர வேண்டும். "குளியலறை: பரவாயில்லை" என்று ஏஜென்ட் எழுதினால் விடாதீர்கள். "குளியலறை மேல்கூரை, ஜன்னல் பக்க மூலை, ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சை" என்று எழுத வையுங்கள். கீசருக்குக் கீழே இருக்கிற தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, ஜன்னல் கொக்கி விழுகிறதா, மெயின் கதவுக்கு எத்தனை சாவி தந்தார்கள், மீட்டர் எண் என்ன, எல்லாம் உள்ளே வரட்டும். இருவரும் கையெழுத்துப் போட்டதும் போட்டோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு ஈமெயில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும்.

காலி செய்யும்போதும் இதே கதைதான். லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து மறுபடி பார்க்க வேண்டும். ஓனர் வராமல் விட்டால், வீடு நல்ல நிலையில் திரும்பி வந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாக்கி எதுவும் இல்லையென்றால் டெபாசிட் வட்டியோடு ஏழு நாளில் வர வேண்டும். ரிப்பேர் பிடித்தம் உண்டென்றால் பதினான்கு நாள், ரசீதுகளையும் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கு நீங்கள் போகாமல் இருந்துவிட்டால், ஓனர் இருபத்தோரு நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். தகராறு வந்தால் மாகாண ரென்டல் ஹவுசிங் ட்ரிப்யூனலில் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. போகும்போது லீஸ், குறைப் பட்டியல், டெபாசிட் ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.