மங்குக்குக் கிரீம் பூசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். முகத்தில் கருந்திட்டாகப் படியும் மங்குக்கு முதன்முதலாகக் கிரீம் வாங்க வருகிறவர் எங்கே சறுக்குவார் என்று கவுண்டரில் நிற்கும்போதே ஓரளவு தெரிந்துவிடும், முன்பு வந்தவர்களும் அங்கேதான் சறுக்கினார்கள். கண்ணில் படாமல் பூசுங்கள் என்பதெல்லாம் உறையிலேயே இருக்கிறது, அதை விடுகிறேன்.

டியூப் முடிந்ததும் நாமாகவே இன்னொன்று வாங்குவது

இதைத்தான் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. மங்குக்கு டாக்டர்மார் அதிகம் எழுதும் கிரீமில் மூன்று மருந்து சேர்ந்திருக்கும்: ஹைட்ரோகுவினோன் 4%, ட்ரெட்டினோயின் 0.05%, ஃபுளுவோசினோலோன் 0.01%. முதலாவது தோலில் கருமை உண்டாவதைக் குறைக்கிறது. இரண்டாவது மேல்தோல் சீக்கிரம் உதிர்ந்து புதுத்தோல் வர உதவுகிறது. மூன்றாவது ஸ்டீராய்டு, மற்ற இரண்டும் கிளப்பும் எரிச்சலை அடக்கத்தான் அது இருக்கிறது. இந்தக் கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் கொடுத்த அனுமதியே 8 வாரத்துக்குத்தான்.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா, இரண்டு கன்னத்திலும் மங்கு. கிளினிக்கில் எழுதிக் கொடுத்ததைப் பூசினார், நன்றாகக் குறைந்தது. மறுபடி கிளினிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்று, காலி டியூபைச் சுருட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். “இதேதான் வேணும் தங்கச்சி, முகம் பளிச்சுனு இருக்கு.” டாக்டர் மருந்து எழுதிய துண்டு கேட்டேன், இல்லை என்றார், கொடுக்கவில்லை. ஆனால் வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் மாதக்கணக்கில்.

அப்புறம் அவரைப் பார்த்தபோது கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, மெல்லிய நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது, பரு வேறு. பூசாமல் விட்டால் இரண்டு நாளில் முகம் காந்துகிறது, அதனால் திரும்பவும் பூசுகிறார். அது போதாதென்று மங்கே இல்லாத மகளும் அதே டியூபை வெள்ளையாக்குகிற கிரீம் என்று நினைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்! அந்த அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. துண்டு கேட்காமல் விற்றவர்கள்மேல்தான்.

ஹைட்ரோகுவினோனையும் வருடக்கணக்கில் இழுத்தால் சிலருக்கு நீலம் கலந்த சாம்பல் நிறக் கருமை படியும். மங்கு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் பூசுவார்கள், அது இன்னும் கறுக்கும், லேசில் போகவும் போகாது. 2020இலிருந்து அமெரிக்காவிலேயே ஹைட்ரோகுவினோனைத் துண்டில்லாமல் விற்க முடியாது.

ஏற்கனவே மாதக்கணக்கில் பூசிவிட்டீர்களா? திடீரென்று நீங்களாக நிறுத்திவிட்டுத் தவிக்காதீர்கள், டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காசு இல்லை. போகிற நாளின் பேர் போகும்தான், அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போங்கள்.

மூடுபனிதானே என்று சன்ஸ்கிரீனை விடுவது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட 10% கூடும், மேகமும் அதை முழுசாக மறைக்காது. குளிராக இருப்பதால் சுடவில்லை என்று நினைக்கிறோம், தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இரவில் கிரீம் பூசுவது வீண் செலவு. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் கிடைத்தால் அதை எடுங்கள். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பூசு என்று சொல்வது லேசு, வியர்வையில் எங்கே நிற்கும்? முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரி அகலத் தொப்பியாவது போடுங்கள்.

கூடப் பூசினால் சீக்கிரம் போகும் என்பது

போகாது. எரியும், எரிந்த இடம் இன்னும் கறுக்கும். பட்டாணி அளவு, இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு.

கர்ப்பம்

பூச வேண்டாம். பிள்ளைக்கு யோசிக்கிறவர்களும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழுப்பாகிப் போன கிரீம்

வீசிவிடுங்கள்.

பெயர் இல்லாத டப்பா

உள்ளே என்ன மருந்து என்று எழுதாத வெள்ளைக் கிரீமை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இலங்கையில் விற்ற இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருந்தது தெரியவந்திருக்கிறது. அது தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும்.